செடி வாங்கும் முன்னாடி அதோட பேரைக் கேளுங்க

1/
கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. வீட்டில் தொட்டிச் செடியும் சின்னக் குழந்தையும் இருக்கிற எல்லாரும் பொறுமையாகக் கடைசி வரை படிச்சிடுங்க. யாரையும் குறை சொல்ல எழுதல. ஒரு டாக்டராக நானே செஞ்ச தப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

2/
என் கிளினிக்கில் நோயாளிகள் உட்காருகிற இடத்தில் ஒரு பெரிய தொட்டிச் செடி இருந்தது. அகலமான பச்சை இலை, நடுவில் வெள்ளைத் தெளிப்பு. பார்க்கவே குளுகுளுன்னு இருக்கும். நர்சரியில் வாங்கும்போது, "நிழல்லயே வளரும் சார், தண்ணி கம்மியா ஊத்தினாப் போதும்"னு சொன்னாங்க. நான் விலையை மட்டும் கேட்டேன். பேரைக் கேட்கல.

3/
ஒரு சாயங்காலம் ஒன்றரை வயசுப் பையன் ஒருத்தனைத் தடுப்பூசிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. கூட அவனோட அம்மாவும் அம்மாயியும். டோக்கன் கூப்பிடுகிற வரைக்கும் அவன் அறை முழுக்க நடந்துட்டு இருந்தான். திடீர்னு வீல்னு ஒரு அழுகை. ஓடி வந்து பார்த்தால் கையில் பாதி இலை, வாயில் மீதி. எச்சில் நிற்காமல் ஒழுகுது. கண் முன்னாடியே உதடு வீங்குது.

4/
"ஏனுங்க டாக்டர், இது என்ன செடிங்க?"ன்னு அந்த அம்மாயி கேட்டாங்க.

எனக்குத் தெரியல.

எத்தனையோ விஷக்கடி, மருந்துக் குடி கேஸ் பார்த்த எனக்கு, என் சொந்தக் கிளினிக்கில் நானே காசு கொடுத்து வாங்கி வச்ச செடியோட பேர் தெரியல.

5/
வாயில் இருந்த துண்டுகளை எடுத்தோம். ஈரத்துணியால் துடைச்சோம். குளிர்ந்த பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். மூச்சு, குரல், ஆக்சிஜன் அளவு மூன்றையும் பார்த்துட்டே சில மணி நேரம் உட்கார வச்சோம். வீக்கம் தொண்டைக்குள் போகல. மறுநாள் வடிஞ்சிடுச்சு. பையன் நல்லா இருக்கான்.

கிளம்பும்போது அம்மாயி சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கு: "எங்க தோட்டத்துல எது அரிக்கும், எது கடிக்கும்னு எனக்குத் தெரியுங்க டாக்டர். உங்க செடி உங்களுக்கே தெரியலீங்களே."

6/
அந்தச் செடி டிஃபன்பேக்கியா. ஆங்கிலத்தில் 'டம்ப் கேன்'னு ஒரு பேர் உண்டு. கடிச்சால் நாக்கு வீங்கிப் பேச்சு வராமல் போகும் என்பதால் வந்த பேர். இதில் விஷம் ஏறி ரத்தத்தில் கலக்கிற கதையெல்லாம் பெரும்பாலும் இல்லை. இலைக்குள்ளே கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாகக் கட்டு கட்டாக இருக்கும். கடிச்ச உடனே அந்த ஊசிகள் வாயிலும் நாக்கிலும் குத்தும். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' அரிதாக மூச்சுக்குழாயை அடைக்கிற அளவு வீக்கத்தையும் கொண்டு வரலாம்.

7/
இதே ஊசி நமக்குப் புதுசு இல்லை. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு சரியாக வேகலைன்னா தொண்டை அரிக்குமே, அதே சமாச்சாரம்தான். அதனால்தான் புளி விட்டு நல்லா வேக வைக்கிறோம். சேம்பு குடும்பத்துச் செடிகள் பலவற்றில் இந்த ஊசி உண்டு. இப்போ நம்ம ஹாலில் இருக்கிற பட்டியலைப் பாருங்க: மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, ஆந்தூரியம், பீஸ் லில்லி, அக்லோனீமா, கலேடியம், இசட் இசட் செடி. எல்லாம் அதே குடும்பம்.

8/
உடனே மணி பிளான்ட்டைப் பிடுங்கி வீசணுமா? வேண்டாம். தவழுகிற, நடக்கப் பழகுகிற குழந்தையோ, நாயோ பூனையோ வீட்டில் இருந்தால் கைக்கெட்டாத உயரத்தில் மாட்டுங்க. கொடி கீழே தொங்காமல் வெட்டி விடுங்க. குழந்தைக்கு 4, 5 வயசு ஆனதும் "இதை வாயில் வைக்கக்கூடாது"ன்னு சொல்லிக் கொடுங்க. போதும்.

என் கருத்து இவ்வளவுதான்: விஷச் செடியை வளர்ப்பது தப்பில்லை. பேர் தெரியாத செடியை வளர்ப்பதுதான் தப்பு.

9/
இப்போ கொஞ்சம் பெரிய விஷயத்துக்கு வருவோம். அரளி.

செவ்வரளி, வெள்ளை அரளி ஒரு இனம். மஞ்சளாக மணி மாதிரிப் பூக்கிற தங்க அரளி வேறு இனம். ரெண்டும் ஒரே குடும்பம். ரெண்டிலும் இதயத்தை நேரடியாகத் தாக்குகிற கிளைகோசைடுகள் இருக்கு. இலை, பூ, தண்டு, வேர், காய், விதை எல்லாவற்றிலும் உண்டு. "விதை மட்டும்தான் விஷம், பூ ஒண்ணும் செய்யாது"ன்னு நினைக்கிறவங்கதான் அதிகம். அது தப்பு.

10/
இது உடம்பில் என்ன செய்யும்? நம்ம இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒரு பம்ப் இருக்கு. அரளியின் விஷம் அந்தப் பம்பைப் பூட்டிடும். முதலில் வாந்தி, வயித்து வலி. அப்புறம் நாடித்துடிப்பு குறையும், தாறுமாறாகும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். பார்க்கிறதுக்கு ஆள் தெளிவாகப் பேசிட்டு இருப்பார். ஈசிஜி வேற கதை சொல்லும். இந்த நேரத்தில்தான் "வாந்தி நின்னுடுச்சு, வீட்டுக்குப் போறோம்"னு கிளம்புவாங்க. அனுப்பவே மாட்டோம். குறைஞ்சது ஒரு நாளாவது மானிட்டரில் இருக்கணும்.

11/
2024-ல் கேரளாவில் நடந்தது நினைவிருக்கலாம். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பின ஒரு இளம் செவிலியர் இறந்தார். போனில் பேசிட்டே வீட்டு முற்றத்து அரளி இலையைக் கிள்ளி மென்றதாகச் செய்தி வந்தது. அதுக்குப் பிறகு திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்க வேண்டாம்னு முடிவெடுத்தது. மாலையாகச் சாத்துவது வேறு, பிரசாதத்தோடு வாய்க்குப் போவது வேறு. நல்ல முடிவு.

12/
"எங்க தாத்தா காலத்துல இருந்து வாசல்ல அரளி இருக்கு டாக்டர், ஒண்ணும் ஆகல"ன்னு கமென்ட்டில் வரும். தெரியும். தாத்தாவுக்கு அது என்னன்னு தெரியும். பாட்டிக்கும் தெரியும். பேரன் அதைத் தொட்டால், "வாயில வச்சிடாதே சாமி"ன்னு ஒரு குரல் கேட்கும். இப்போ அந்தத் திண்ணையும் இல்லை, அந்தக் குரலும் இல்லை. செடி மட்டும் அப்படியே இருக்கு. செடியோடு சேர்த்து அதைப் பற்றின அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போகணும். அது போகாததுதான் என் கவலை.

13/
நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக அரளி வைக்கிறாங்களே, ஏன்? வெயில் தாங்கும், தண்ணி கேட்காது, முக்கியமாக ஆடு மாடு மேயாது. ஆடு ஒதுக்கிற செடியைப் பார்த்தால் நாமும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கணும்.

பசு வளர்க்கிறவங்களுக்கு: வெட்டிப் போட்ட அரளித் தழையை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போடாதீங்க. காய்ஞ்சாலும் விஷம் போகாது. எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகையும் நல்லதில்லை. வெந்நீர் அடுப்புக்கு விறகாகவும் வேண்டாம்.

14/
இதைச் சொல்லாமல் போக முடியாது. இலங்கையின் வடக்கில் 1980-களில் தொடங்கி தங்க அரளியால் எத்தனையோ இளம் உயிர்கள் போயிருக்கு. யாழ்ப்பாணம் மருத்துவமனை அனுபவத்தை வச்சு மருத்துவ இதழ்களில் கட்டுரைகளே வந்திருக்கு. அதில் பலர் சாகணும்னு நாள் குறிச்சுத் திட்டம் போட்டவங்க இல்லை. ஒரு சண்டை, ஒரு திட்டு, ஒரு கோபம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மரம். அந்த நிமிஷம் கடந்து போயிருந்தால் இன்னைக்குப் பேரன் பேத்தியோடு இருந்திருப்பாங்க.

வீட்டில் யாராவது மனசு உடைஞ்சு போய் இருந்தால், இந்த மாதிரிச் செடியையும் பூச்சிமருந்தையும் முதலில் அப்புறப்படுத்துங்க. அவரோடு பேசுங்க. 14416 என்ற டெலி மானஸ் எண், 104 எண் ரெண்டுமே உங்களுக்காக இருக்கு. தமிழில் பேசலாம்.

15/
அரளிக்கு ஒரு நவநாகரிகத் தம்பி இருக்கான். மொட்டை மாடியில் குண்டுத் தண்டோடு ரோஸ் கலர்ப் பூவாகப் பூக்கிற அடீனியம். அதே குடும்பம், அதே வகை விஷம். "பாலைவன ரோஜா"ன்னு அழகான பேரில் விற்கிறாங்க. நர்சரியில் இதுவரை யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொன்னாங்களா?

16/
இன்னும் சிலதை வேகமாகச் சொல்லிடறேன்.

குண்டுமணி: மண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அதுதான். ஓடு கெட்டி, அதனால் முழுசாக விழுங்கினால் பல நேரம் அப்படியே வெளியே வந்துடும். மென்றாலோ, மாலை கோக்க ஓட்டை போட்டிருந்தாலோ நிலைமை வேறு. உள்ளே இருக்கிற அப்ரின் மிகக் கொடிய விஷம். குழந்தைங்க விளையாடுகிற டப்பாவில் வேண்டாம்.

காட்டாமணக்கு: விதை பார்க்க நிலக்கடலை மாதிரி ருசியாக இருக்கும்னு பிள்ளைங்க கூட்டமாகச் சாப்பிட்டு, கூட்டமாக வாந்தி எடுத்துட்டு வருவாங்க. பள்ளிக்கூட வேலியில் இது வேண்டவே வேண்டாம்.

17/
செங்காந்தள்: நம்ம மாநிலப் பூ. சங்க இலக்கியம் கொண்டாடின பூ. கார்த்திகையில் பார்த்தால் தீ எரியிற மாதிரி இருக்கும். அதன் கிழங்கில் கோல்சிசின் இருக்கு. கௌட் என்ற மூட்டு வலிக்கு நாங்க மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிற அதே மருந்து. கிழங்காகச் சாப்பிட்டால் உறுப்பு உறுப்பாகச் செயலிழக்கும். கிழங்கைச் சமையல் கிழங்குன்னு நினைச்சுச் சமைச்ச குடும்பங்களும் உண்டு. அழகுக்கு வைங்க, ஆனால் கிழங்கு எங்கே புதைஞ்சிருக்குன்னு வீட்டில் எல்லாருக்கும் தெரியணும்.

18/
எருக்கு, கிறிஸ்து முள், கள்ளி வகைகள்: இவற்றின் பாலை நினைச்சுத்தான் என் பயம். வெட்டும்போது கண்ணில் தெறிச்சால் கருவிழி பாதிக்கும். எருக்கம் பாலில் ஒரு வஞ்சகம் என்னன்னா, பல நேரம் பெரிசாக வலிக்காது, பார்வை மட்டும் மங்கும். வலி இல்லைன்னு விட்டுடாதீங்க. ஓடுகிற சுத்தமான தண்ணியில் 15, 20 நிமிஷம் கழுவிட்டு நேராகக் கண் டாக்டரிடம் போங்க. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கண்ணில் விடாதீங்க.

19/
இவ்வளவு சொன்னதால் நான் செடிக்கு எதிரி இல்லை. என் தொழிலே செடிக்குக் கடன்பட்ட தொழில்.

இங்கிலாந்துத் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கிற ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலையை ஆராய்ந்து, 1785-ல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் புத்தகம் எழுதினார். அந்தக் குடும்ப மருந்துதான் இன்னைக்கும் சில இதய நோயாளிகளுக்கு நாங்க எழுதிக் கொடுக்கிற டிகாக்சின். அரளி விஷம் தாக்குவதும் அதே பம்பைத்தான். அளவு தெரிஞ்சு கொடுத்தால் மருந்து. தெரியாமல் மென்றால் விஷம்.

20/
இன்னொன்று நித்திய கல்யாணி. சுடுகாட்டுப் பூன்னு சொல்லி வீட்டில் வைக்க மாட்டேன்னு எங்க பாட்டி அடம் பிடிப்பாங்க. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. அதிலிருந்து எடுக்கிற வின்கிறிஸ்டின், ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வச்ச மருந்து. நம்ம தென் மாவட்டங்களில் இதை விவசாயமாகவே செய்றாங்க. எனக்கு அது சுடுகாட்டுப் பூ இல்லை.

ஆனால் "தினமும் 5 பூ மென்றால் சுகர் போயிடும்"னு வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மெல்லாதீங்க. வாசலில் பூக்கட்டும். வாய்க்குள் வேண்டாம்.

21/
அடுத்து, செடியே பாவம், பழி நம்ம மேல் விழுகிற சில விஷயங்கள்.

முதலாவது, பூச்சிமருந்து. ரோஜாச் செடியில் பூச்சின்னு உரக்கடையில் கொஞ்சம் மருந்தை வாங்கி, குளிர்பான பாட்டிலில் ஊத்தி, படிக்கட்டுக்கு அடியில் வைக்கிற பழக்கம். தாகத்தோடு வந்த பிள்ளை எடுத்துக் குடிக்கும். இந்த த்ரெட்டில் சொன்ன எந்தச் செடியையும் விட அந்த பாட்டில் ஆபத்தானது. நாலு தொட்டிச் செடிக்கு வயலுக்கு அடிக்கிற மருந்து தேவையே இல்லை. வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிங்க. மாவுப்பூச்சியைத் துணியால் துடைச்சு எடுங்க. அதுக்கும் அடங்காத செடின்னா, அந்தச் செடியே வேண்டாம்.

22/
இரண்டாவது, தண்ணி. தொட்டிக்கு அடியில் தட்டு, பாட்டிலில் மணி பிளான்ட், தாமரைத் தொட்டி. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு இதெல்லாம் பிரசவ வார்டு. முட்டையிலிருந்து கொசுவாக வெளியே வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணியை மட்டும் மாத்தினால் பத்தாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கும். காய்ஞ்சாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒரு நாள், ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்கோங்க, நாரால் தேய்ச்சுக் கழுவுங்க. தட்டில் மணல் நிரப்பினால் இன்னும் நல்லது. தாமரைத் தொட்டியில் கப்பி மீன் விடுங்க.

23/
மூன்றாவது, கால். சுகர் இருக்கிற அப்பாக்களும் அம்மாக்களும் காலையில் வெறும் காலோடு செடிக்குத் தண்ணி ஊத்தப் போவாங்க. காலில் உணர்ச்சி குறைஞ்சிருக்கும். காகிதப்பூ முள்ளோ ரோஜா முள்ளோ ஏறினது தெரியாது. மூணு நாள் கழிச்சு வீங்கி, சீழ் பிடிச்சு வருவாங்க. சிலருக்கு விரலையே எடுக்க வேண்டி வரும். ஒரு ஜோடி மூடின செருப்பு, ஒரு ஜோடிக் கையுறை. டிடி ஊசி எப்போ போட்டீங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. அவ்வளவுதான் செலவு.

24/
"இந்தச் செடி வச்சா வீட்டுக் காத்து சுத்தமாகும்"னு கூடுதல் விலைக்கு விற்கிறாங்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. 1989-ல் நாசா ஒரு சோதனை செஞ்சது உண்மை. ஆனால் அது காத்து புகாத சின்னப் பெட்டிக்குள்ளே செஞ்ச சோதனை. 2019-ல் அமெரிக்காவில் இதுவரை வந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. நம்ம வீட்டில் ஜன்னல் வழியாக வர்ற காத்து செய்கிற வேலையைச் செடி செய்யணும்னா, ஒரு சதுர மீட்டருக்கு 10-லிருந்து 1000 செடி வரைக்கும் வேணும்னு வந்தது. ஹாலில் சோபா போட இடம் இருக்காது.

ஜன்னலைத் திறங்க. செடியை அழகுக்கும் சந்தோஷத்துக்கும் வைங்க. அதுவே பெரிய காரணம்தான், பொய்யாக ஒரு மருத்துவக் காரணம் எதுக்கு?

25/
மரத்துக்கு வருவோம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ஞ்சது. சீக்கிரம் வளரும், நல்லாப் பூக்கும்னு தெருவெல்லாம் வச்ச மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும் அதில் ஏராளம். கிளை ஒடியக்கூடிய மரம், மேலோட்டமான வேர், சுத்தியும் சிமெண்ட். மரம் வேறு என்ன செய்யும்?

26/
அப்புறம் கோனோகார்பஸ். நாலு வருஷத்தில் காம்பவுண்டுக்கு மேல் பச்சைச் சுவர் எழும்பிடும்னு எல்லாரும் வச்சாங்க. வேர் தண்ணிக் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் தேடிப் போகுதுன்னும், மகரந்தத்தால் மூச்சுத் தொல்லைன்னும் புகார்கள் வந்தது. குஜராத் 2023-ல் தடை செஞ்சது, தமிழ்நாடும் 2025-ல் தடை விதிச்சது. இப்போ காசு கொடுத்து வெட்டுறோம். உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும்கூட ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டு வந்ததுதான். இன்னைக்குக் காட்டையும் குளத்தையும் அதுங்ககிட்ட இருந்து மீட்க முடியாமல் தவிக்கிறோம்.

சீக்கிரம் வளரும் என்பது மரத்துக்கு ஒரு தகுதியே இல்லை.

27/
அப்போ என்னதான் வைக்கிறது? என் வீட்டில் இருப்பதையும் நான் தைரியமாகச் சிபாரிசு செய்வதையும் சொல்றேன்.

குழந்தை இருக்கிற வீட்டுக்கு: செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லி, முல்லை, கனகாம்பரம், டிசம்பர் பூ, சாமந்தி. இட்லிப்பூவில் தேன் உறிஞ்சாத பிள்ளை உண்டா? சாமந்தி மட்டும் சிலருக்குத் தோல் அரிப்பு கொடுக்கும், பார்த்துக்கோங்க.

வீட்டுக்குள்ளே: அரெக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட், பெரணி வகைகள்.

28/
சின்ன வீட்டு வாசலுக்கு மரம்: பவளமல்லி. காலையில் வாசல் முழுக்கக் கோலம் போட்ட மாதிரி கொட்டும். மாதுளை, எலுமிச்சை ரெண்டும் அழகுக்கு அழகு, வீட்டுக்கும் உதவும். இடம் கொஞ்சம் அதிகம் இருந்தால் சரக்கொன்றை. பொறுமை இருந்தால் மகிழம். மெதுவாகத்தான் வளரும். நீங்க வச்சு உங்க பேத்தி பூ பொறுக்குவாள். நிழலுக்கு புங்கை.

எந்த மரமானாலும் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி வைங்க. மேலே மின் கம்பி போகுதான்னு தலையைத் தூக்கிப் பாருங்க. அடியில் சிமெண்ட் பூசாமல் வேர் மூச்சு விட இடம் விடுங்க.

29/
இனி என் கோரிக்கை. நான் இந்த த்ரெட் எழுதினதே இதுக்காகத்தான்.

10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் என்னென்ன இருக்குன்னு அச்சடிக்கணும்னு சட்டம் இருக்கு. மாத்திரை அட்டையில் குழந்தைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லி எழுதியிருக்கு. 400 ரூபாய் தொட்டிச் செடியில் பேர்கூட இல்லை. பிரிட்டனில் செடி வணிகர்களின் சங்கமே தீங்கு செய்யக்கூடிய செடிகளுக்கு ஒரு பட்டியல் வச்சிருக்கு, அட்டையில் எச்சரிக்கை போடுறாங்க. நம்ம ஊர் நர்சரியிலும் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சின்ன அட்டை குத்தலாம். தமிழில் பேர். சாப்பிட்டால் ஆபத்தா, பால் கண்ணில் பட்டால் ஆபத்தா, எவ்வளவு உயரம் வளரும். மூணு வரி.

30/
"நர்சரிக்காரங்க பாவம் டாக்டர், அவங்க பிழைப்பு"ன்னு சொல்வீங்க. அவங்க பிழைப்பில் மண் போடச் சொல்லல. எனக்குத் தெரிஞ்ச நர்சரிக்காரர் ஒருத்தரிடம் போன மாதம் இதைப் பேசினேன். "யாருமே கேட்கிறதில்லைங்க சார், கேட்டா எழுதி வச்சிடலாமுங்க"ன்னார். எல்லாரும் கேட்க ஆரம்பிச்சால் அவரே எழுதி வைப்பார். அரசாங்க உத்தரவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடம், பூங்கா, ஆஸ்பத்திரி வளாகத்தில் மட்டும் எதை நடலாம், எதை நடக்கூடாதுன்னு அரசு ஒரு பட்டியல் கொடுக்கணும். அங்கே அரளியும் காட்டாமணக்கும் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

31/
கடைசியாக முதலுதவி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

• வாயில் மிச்சம் இருப்பதை எடுங்க. வாயைத் தண்ணியால் கழுவுங்க, சின்னக் குழந்தைன்னா ஈரத்துணியால் துடைங்க.
• வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புக் கரைசல், சோப்புத் தண்ணி, சாணிக் கரைசல் எதுவும் கூடாது. அது நுரையீரலுக்குள் போனால், செடி செய்யாததை அந்தக் கரைசல் செஞ்சிடும்.
• செடியின் ஒரு கிளையை, இலையும் பூவும் காயும் இருக்கிற மாதிரி ஒடிச்சு ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க. போட்டோவும் எடுங்க.
• எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைக் குறிச்சு வைங்க.

32/
• அரளி, தங்க அரளி, அடீனியம், குண்டுமணி, செங்காந்தள் கிழங்கு: ஆள் நல்லா இருந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் 108. பக்கத்து கிளினிக் வேண்டாம், மானிட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிற மருத்துவமனைக்கே போங்க. வயித்தில் விஷம் உறிஞ்சப்படாமல் தடுக்கக் கரி மருந்து, குறைஞ்ச நாடியை ஏத்த ஊசி, தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கர்னு அங்கேதான் வசதி இருக்கும்.
• எந்தச் செடியாக இருந்தாலும் மூச்சுத் திணறல், குரல் மாற்றம், எச்சிலை விழுங்க முடியாமை இருந்தால் அவசரம்தான்.
• திட்டாதீங்க. பயந்த குழந்தை எதைச் சாப்பிட்டேன்னு சொல்லாது. அந்தத் தகவல் எங்களுக்கு உயிர்.

33/
இன்னைக்குச் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு செடி முன்னாடியும் நில்லுங்க. பேர் தெரியுமா? தெரிஞ்சால் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்க. தெரியலைன்னா போட்டோ எடுத்து, தாவரவியல் படிச்ச யாரிடமாவது, பக்கத்து கல்லூரி ஆசிரியரிடமாவது கேளுங்க. ஊரில் அம்மாயி, அப்பத்தா இருந்தால் முதல் போன் அவங்களுக்குப் போடுங்க. பாதிப் பேர் அங்கேயே கிடைச்சிடும்.

34/
என் கிளினிக்கில் அந்த டிஃபன்பேக்கியா இப்போ இல்லை. மாடியில், பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் நல்லாத்தான் வளருது. அது இருந்த இடத்தில் ஒரு அரெக்கா பாம் வச்சிருக்கேன். அதோட மண்ணில் ஒரு சின்ன அட்டை குத்தி, பேரைத் தமிழில் என் கையால எழுதி வச்சிருக்கேன்.

போன வாரம் அதே அம்மாயி பிரஷர் பார்க்க வந்தாங்க. அட்டையை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, "இப்பத்தானுங்க டாக்டர் சரி"ன்னாங்க.

நீங்களும் ஒரு அட்டை எழுதி வைங்க மக்களே.